பின்னச்சும் பிடிமானமும்

நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியை ஓட்டுபவன், மேடு வரும் முன்னரே பாரத்தைப் பார்த்துக்கொள்வான். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிறு இறுகும். ஆகவே இரண்டு மூட்டைகளை முன்னே தள்ளியோ பின்னே இழுத்தோ வண்டியைச் சமன் செய்த பின்னரே அவன் தார்க்கோலைக் கையில் எடுப்பான். பாரம் எவ்வளவு என்பதைக் காட்டிலும், அஃது எங்கே விழுகிறது என்பதே பெரிது என்னும் அறிவு நம் முன்னோர்க்கு இயல்பாக வாய்த்திருந்தது. அவ்வறிவே இன்று பந்தயக் கார்களின் பின்னச்சில் எவ்வாறு பயன்படுகிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம்.

குடும்ப ஏட்டில் இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நாம் குடியேறி வாழும் இப்பெங்களூர் மாநகரம் எந்திரத் தொழிலால் வளர்ந்த ஊர். பீன்யாவின் தொழிற்கூடங்களிலும், ஜே.சி. சாலையின் உதிரிப்பாகக் கடைகளிலும், பொறியியற் கல்லூரிகளிலும் நம் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். அவர்களுள் மோட்டார் வண்டிகளின்பால் தீராக் காதல் கொண்டோர் உண்டு. கிடைத்த ஊதியத்தையும், சில வேளைகளில் பெற்றோரின் சேமிப்பையும், இஞ்சினின் ஆற்றலைப் பெருக்குவதிலேயே அவர்கள் செலவிடுவதைக் காண்கிறோம். அவ்வாற்றல் சாலையைச் சென்று சேர்கிறதா என்னும் கேள்வியை எழுப்புவோர் சிலரே. இதில் பணமும் இருக்கிறது; உயிரும் இருக்கிறது; சட்டமும் இருக்கிறது. ஆதலின் இது குடும்பங்களுக்கு உரிய செய்தியே என்று கருதுகிறோம்.

ஆற்றல் வேறு, பிடிப்பு வேறு

காரை முன்னே தள்ளுவது இஞ்சின் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அதனைத் தள்ளுவது, டயரும் தரையும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் பிறக்கும் உராய்வேயாகும். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவினதே. இஞ்சினின் வலிமை எத்துணையாயினும், அந்த உள்ளங்கை தாங்குமளவு மட்டுமே பயன்படும். எஞ்சியது புகையாகவும் தேய்ந்த ரப்பராகவும் வீணாகும்.

உராய்வு எதனைப் பொறுத்தது? டயரின் தன்மையையும் தரையின் தன்மையையும் பொறுத்தது. அத்துடன், டயரின்மேல் அழுந்தும் பாரத்தையும் பொறுத்தது. கார் விரைவு பெறும்போது பாரத்தின் ஒரு பகுதி முன் சக்கரங்களிலிருந்து பின் சக்கரங்களுக்கு மாறுகிறது. பேருந்து திடீரெனப் புறப்படும்போது நின்றிருப்போர் பின்னுக்குச் சாய்வதை நாள்தோறும் காண்கிறோம் அல்லவா? அதுவே இங்கும் நிகழ்கிறது.

எடுத்துக்காட்டாக 800 கிலோ எடையுள்ள ஒரு காரைக் கொள்வோம். முன்னச்சில் 400 கிலோவும் பின்னச்சில் 400 கிலோவும் சமமாக நிற்கின்றன. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 250 சென்டிமீட்டர். காரின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. புவியீர்ப்பு முடுக்கத்தின் பாதியளவு முடுக்கத்தோடு அக்கார் கிளம்பினால், மாறும் பாரம் 80 கிலோ ஆகும். அஃதாவது, முன்னே 320 கிலோவும் பின்னே 480 கிலோவும் நிற்கும். பின் சக்கரங்களால் உந்தப்படும் காருக்கு இது பெரும்பேறு. முன் சக்கரங்களால் இழுக்கப்படும் காருக்கோ இழப்பு. ஆற்றல் மிக்க பந்தயக் கார்கள் பெரும்பாலும் பின் சக்கரங்களையே உந்துவதன் காரணம் இதுவே.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். காரின் பின்புறம் தாழ்ந்து அமர்வதைக் கண்டவர்கள், அவ்வாறு அமர்வதனால்தான் பாரம் பின்னே செல்கிறது என்று நினைக்கின்றனர். அதற்காக மென்மையான வில்களைப் பொருத்துவோரும் உண்டு. மாறும் பாரத்தின் அளவை நிர்ணயிப்பவை ஈர்ப்பு மையத்தின் உயரம், அச்சுகளின் இடைத்தூரம், முடுக்கம் ஆகிய மூன்றுமேயாகும். பின்புறம் அமர்ந்தாலும் அமராவிட்டாலும் அந்த 80 கிலோ ஏறத்தாழ 80 கிலோவாகவே இருக்கும். அங்ஙனமாயின் சஸ்பென்ஷன் அமைப்பினால் ஆவது யாது? அப்பாரம் எவ்வழியே செல்கிறது, எவ்வளவு விரைவாகச் சென்று சேர்கிறது, சேர்ந்த பின் நிலையாக நிற்கிறதா துள்ளுகிறதா என்பவற்றை அதுவே முடிவு செய்கிறது.

நம் நகரில் பிறந்த டால்பின்

இதனை விளக்குவதற்கு ஏற்ற வண்டி ஒன்று நம் பெங்களூரிலேயே பிறந்தது. 1980-களின் தொடக்கத்தில், சிப்பானி என்னும் பெயரால் அறியப்பட்ட பெங்களூர் நிறுவனம் 'டால்பின்' என்ற சிறு காரை வெளியிட்டது. இங்கிலாந்தில் ரிலையண்ட் நிறுவனத்தார் செய்த 'கிட்டன்' என்னும் காரே அதன் மூலம். உடல் கண்ணாடி இழையால் ஆனது. இஞ்சின் 848 சி.சி. அளவுள்ள அலுமினிய வார்ப்பு. அக்காலத்தில் நம் சாலைகளை ஆண்ட அம்பாஸிடர், பத்மினி ஆகிய இரண்டோடும் ஒப்பிட்டால் டால்பின் மிக இலேசான வண்டி. இரண்டே கதவுகள் உடைய அவ்வண்டியைக் குடும்பத்தினர் பெரிதும் விரும்பவில்லை. ஆனால் பந்தயக்காரர்கள் விரும்பினர். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பின்னர், சிறு கார்ச் சந்தை முழுவதும் அதன் வசமாயிற்று.

டால்பினின் இஞ்சின் முன்னே இருந்தது. உந்துதல் பின் சக்கரங்களுக்குச் சென்றது. இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திண்ணிய அச்சு. அவ்வச்சைத் தாங்குவன இருபுறமும் பட்டை வில்கள். அம்பாஸிடருக்கும் பத்மினிக்கும் பின்புற அமைப்பு இவ்வகையினதே. பின்னாளில் ராலிகளில் பெரும்புகழ் பெற்ற மாருதி ஜிப்ஸியும் பட்டை வில்களின்மீதே நின்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளமாகிய சோழவரத்தில், 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கழகத்தார் நடத்திய பந்தயங்களைக் கண்டு களித்த பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அங்கே ஓடிய கார்களுள் பல, வீட்டுக் கார்களைத் திருத்தி அமைத்தவையே. ஆகவே பட்டை வில்லோடு போராடி அதனை வசப்படுத்துவதே அக்காலத்துப் பட்டறைக்காரர்களின் முதற்கலையாக இருந்தது.

பட்டை வில்லின் முறுக்கம்

பட்டை வில் ஓர் எளிய, உறுதியான, மலிவான உறுப்பு. அச்சைத் தாங்குவது, முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது, பக்கவாட்டில் அசையாமல் நிறுத்துவது, அச்சு தானே திருகிக்கொள்ளாமல் தடுப்பது ஆகிய நான்கு வேலைகளையும் அது ஒன்றே செய்கிறது. ஒருவனிடம் நான்கு வேலைகளை ஒப்படைத்தால் ஒன்றேனும் குறைபடும் என்பது உலக வழக்கு. இங்கே குறைபடுவது நான்காவது வேலை.

சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்ற முயலும் விசைக்கு எதிர்விசையாக, அச்சுக்கூடு பின்னோக்கித் திருகுகிறது. டிபரன்ஷியலின் மூக்கு மேலெழும்புகிறது. அதனோடு பிணைக்கப்பட்ட பட்டை வில், பாம்பு நெளிவது போல வளைகிறது. வளைந்த வில் தன்னுள் ஆற்றலைச் சேமித்து வைக்கிறது. டயரின் பிடி நழுவியவுடன் அவ்வில் விடுபட்டு நிமிர்கிறது. நிமிர்ந்தவுடன் டயர் மீண்டும் பிடிக்கிறது. மீண்டும் வில் வளைகிறது. இவ்வாறு ஒரு நொடியில் பல முறை நிகழும்போது, அச்சு முழுவதும் தடதடவென்று துள்ளுகிறது. ஓட்டுபவர்க்குக் கார் உடைந்துவிடுவது போலத் தோன்றும். உண்மையிலேயே பல்சக்கரங்களும் அச்சுத்தண்டுகளும் அவ்வதிர்ச்சியில் முறிவதுண்டு. இலேசான காரில் இத்தொல்லை இன்னும் மிகும். ஏனெனில் வண்டியின் உடலெடைக்கு முன்னே அச்சின் எடை பெரிதாகி, துள்ளும் அச்சை அடக்கும் வலிமை உடலுக்குக் குறைகிறது.

துள்ளும் டயர் பிடிப்பை இழப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாரத்தை இருமடங்காக்கினால் டயரின் பிடிப்பு இருமடங்காவதில்லை. சற்றுக் குறைவாகவே உயர்கிறது. ஆகவே ஒரு கணம் மிகுதியாகவும் மறுகணம் குறைவாகவும் அழுந்தும் டயரைவிட, ஒரே சீராக அழுந்தும் டயரே மிகுதியாகப் பிடிக்கும். பிடிமானத்தின் மறைபொருள் இதுதான்: மிகுந்த பாரமன்று, சீரான பாரம்.

இதற்குப் பட்டறைகள் கண்ட மருந்துகள் சில. பட்டை வில்லின் முன்பாதியிலுள்ள தகடுகளைக் கவ்விகளால் இறுக்கிப் பிணைப்பது முதலாவது. முன்பாதி விறைப்பானால் நெளிவு குறையும். அச்சின் அடியிலிருந்து முன்னோக்கி ஒரு கட்டியான தண்டை நீட்டி, அதன் முனையை வில்லின் முன்கண்ணருகே நிறுத்துவது இரண்டாவது. அச்சு திருக முயன்றால் அத்தண்டின் முனை மேலெழும்பி வண்டியின் உடலை உந்தும். அவ்வுந்துதலே திருகலைத் தடுக்கும். அச்சின் பக்க அசைவைத் தடுக்க, அச்சின் ஒரு கோடியையும் சேஸிஸின் மறுகோடியையும் குறுக்கே ஒரு தண்டால் இணைப்பது மூன்றாவது. இதனைப் பனார்ட் தண்டு என்பர். இத்தண்டு ஒரு முனையை மையமாகக் கொண்டு வட்டவில்லாக அசைவதால் அச்சும் சிறிது பக்கமாக நகரும். அக்குறையும் வேண்டா என்போர், நீராவி எந்திரத்திற்காக ஜேம்ஸ் வாட் 1784-இல் காப்புரிமை பெற்ற நேர்கோட்டு இணைப்பைப் பயன்படுத்துகின்றனர். நீராவிக் காலத்துச் சிந்தனை ஒன்று இன்றைய பந்தயக் காரின் அடியில் உழைப்பது வியப்புக்குரியதன்றோ!

கண்ணுக்குப் புலனாகாத புள்ளி

பட்டை வில்லை நீக்கிவிட்டுச் சுருள் வில்லைப் பொருத்தினால், அச்சைப் பிடிக்கும் பொறுப்பு தண்டுகளுக்கு வருகிறது. பொதுவாக மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு தண்டுகள் அச்சையும் சேஸிஸையும் இணைக்கும். இனி வருவதே வடிவக் கணக்கு. ஒரு தாளும் அளவுகோலும் இருந்தால் எவரும் இதனைப் போட்டுப் பார்க்கலாம்.

காரைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பதாகக் கொள்க. மேல்தண்டின் வழியே ஒரு கோட்டையும், கீழ்த்தண்டின் வழியே ஒரு கோட்டையும் முன்னோக்கி நீட்டினால், அவை எங்கேனும் சந்திக்கும். அங்கே ஆணியுமில்லை, கீலுமில்லை. ஆயினும் அச்சானது அக்கணத்தில் அப்புள்ளியையே கீலாகக் கொண்டு அசைகிறது. டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து இச்சந்திப்புப் புள்ளிக்கு ஒரு கோடு வரைக. சக்கரத்தின் உந்துவிசை இக்கோட்டின் வழியே வண்டியின் உடலைத் தள்ளுகிறது எனலாம்.

இனி, அதே டயரடியிலிருந்து இன்னொரு கோடு வரைக. முன்னச்சுக்கு நேர்மேலே, ஈர்ப்பு மையத்தின் உயரத்தில் உள்ள புள்ளிக்கு அது செல்லட்டும். நமது எடுத்துக்காட்டில் 250 சென்டிமீட்டர் தூரத்தில் 50 சென்டிமீட்டர் உயரும் கோடு அது. முதற்கோடும் இக்கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால், மாறும் பாரம் முழுவதையும் தண்டுகளே தாங்குகின்றன, வில்கள் அமுங்குவதில்லை, பின்புறம் அமர்வதில்லை. இதனை நூறு விழுக்காட்டு அமர்வெதிர்ப்பு என்று கூறலாம். முதற்கோடு தாழ்ந்தால் பின்புறம் அமரும். உயர்ந்தால் பின்புறம் எழும்பும். தண்டுகளின் வழியே செல்லும் விசை உடனே டயரை அடைகிறது. வில்லின் வழியே செல்லும் விசையோ வில் அமுங்கிய பின்னரே அடைகிறது. புறப்படும் முதற்கணத்தில் டயர் உறுதியாகப் பிடிப்பதற்கு இவ்வேறுபாடே காரணம்.

நம் இளைஞர்கள் பெரிதும் விரும்பிச் செய்யும் ஒரு மாற்றத்தை இக்கணக்கால் சோதித்துப் பார்ப்போம். அழகுக்காகவும் வளைவுகளில் நிலைப்புக்காகவும் காரைத் தாழ்த்துகின்றனர். நமது எடுத்துக்காட்டுக் காரில் தண்டுகள் ஒவ்வொன்றும் 50 சென்டிமீட்டர் நீளம் என்போம். அச்சின் பக்கம் கீழ்த்தண்டு தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்திலும், மேல்தண்டு 45 சென்டிமீட்டர் உயரத்திலும் பொருத்தப்பட்டுள்ளன. கோடுகள் சந்திக்கும் புள்ளி பின்னச்சுக்கு 150 சென்டிமீட்டர் முன்னே, தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இது சரியாக நூறு விழுக்காடு. இப்போது காரை 5 சென்டிமீட்டர் தாழ்த்தினால், தண்டுகளின் முன்முனைகள் மட்டும் சேஸிஸோடு இறங்குகின்றன; அச்சுப்பக்க முனைகள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. சந்திப்புப் புள்ளி 30 சென்டிமீட்டரிலிருந்து 15-க்கு இறங்கிவிடுகிறது. ஈர்ப்பு மையம் 45 சென்டிமீட்டராகக் குறைந்ததைக் கணக்கிட்ட பின்னரும், அமர்வெதிர்ப்பு ஏறத்தாழ 55 விழுக்காடாகச் சுருங்குகிறது. ஐந்து சென்டிமீட்டர் தாழ்த்தியதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பலன் மறைந்தது!

இதற்கு மாற்று யாது? அச்சில் கீழ்த்தண்டு பொருந்தும் இடத்தைத் தாழ்த்த வேண்டும். அச்சோடு ஒரு தாங்கியை இணைத்து, அதில் கீழ்நோக்கிப் பல துளைகளை இடுவர். மேற்சொன்ன காரில் 3 சென்டிமீட்டர் தாழ்த்தினால் அமர்வெதிர்ப்பு 90 விழுக்காட்டுக்கு வந்துவிடும். 5 சென்டிமீட்டர் தாழ்த்தினால் நூற்றைக் கடந்து 110-ஐத் தாண்டும். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் உள்ள வேறுபாடு இத்துணைப் பெரிது. இஞ்சினில் ஒரு திருகாணியையும் தொடாமலே காரின் இயல்பு மாறிவிடுகிறது.

மிகின் நோய்

ஆயினும் அளவு கடந்தால் எதுவும் நோயே. அமர்வெதிர்ப்பு நூறு விழுக்காட்டை மிகவும் கடந்தால், பின்புறம் வீச்சென்று எழும்பும். டயர் முதலில் பலமாக அழுந்தி, உடனே தளர்ந்து, மீண்டும் துள்ளத் தொடங்கும். பிரேக் பிடிக்கும்போது விசை எதிர்த்திசையில் செல்வதால், பின்னச்சு மேலெழும்பப் பார்த்து அதிரும். வளைவிலோ வேறொரு தொல்லை. முன்னோக்கி உயர்ந்து நிற்கும் கீழ்த்தண்டுகளையுடைய கார் ஒருபுறம் சாயும்போது, வெளிப்புறச் சக்கரம் சிறிது பின்னும் உட்புறச் சக்கரம் சிறிது முன்னும் நகர்கின்றன. அச்சு வளைவின் வெளிப்புறம் நோக்கித் திரும்புவதால், காரின் வால் விலகி ஓடப் பார்க்கும். நேர்கோட்டில் நன்மை செய்தது வளைவில் தீமை செய்கிறது. ஆகவே நேர்கோட்டுப் போட்டிக்கு ஓர் அமைப்பும், வளைவுகள் நிறைந்த பந்தயத் தளத்திற்கு வேறோர் அமைப்பும் வேண்டும். ஒரே துளை இரண்டுக்கும் உதவாது.

பக்கவாட்டு வேறுபாடு ஒன்றும் உண்டு. திண்ணிய அச்சுள்ள காரில், புரொப்பெல்லர் ஷாப்ட் தான் சுழலும் திசையிலேயே அச்சையும் புரட்ட முயல்கிறது. வழக்கமான அமைப்பில் இதனால் இடச்சக்கரம் அழுந்தி, வலச்சக்கரம் இலேசாகிறது. ஆகவேதான் பல கார்களில் வலப்பின் சக்கரம் முதலில் வழுக்குகிறது. நம் நாட்டில் ஓட்டுபவர் வலப்புறம் அமர்வதால் அவரது எடை சிறிது துணை செய்கிறது. எஞ்சியதைச் சமன் செய்ய, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிட்டுத் தரும் சிறப்பு டிபரன்ஷியலைப் பொருத்துகின்றனர்.

மாணவர் பட்டறைகளும் பந்தயத் தளங்களும்

உலகம் இப்போது திண்ணிய அச்சைப் பெரும்பாலும் கைவிட்டு, ஒவ்வொரு பின் சக்கரமும் தனித்தனியே அசையும் முறைக்கு வந்துவிட்டது. அரை நூற்றாண்டு காலம் பெரும்பாலும் திண்ணிய அச்சையே நம்பியிருந்த அமெரிக்க போர்டு மஸ்டாங் கூட, 2015-ஆம் ஆண்டு மாதிரியில் எல்லா வகைகளுக்கும் அதனை விடுத்தது. 2016-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது அப்புதிய அமைப்புடையதே. தனி அசைவு முறையில் டிபரன்ஷியல் சேஸிஸோடு பிணைந்திருப்பதால், திருகல் விசையைச் சேஸிஸே ஏற்கிறது. ஆதலின் கணக்கும் சிறிது மாறும்: முதற்கோட்டை டயரடியிலிருந்து வரையாமல், சக்கரத்தின் நடுமையத்திலிருந்து வரைய வேண்டும். இம்முறையில் மற்றொரு கவலையும் சேர்கிறது. வில் அமுங்க அமுங்கச் சக்கரம் உட்புறம் சாயலாம். அன்றி முன்புறம் சற்றே திரும்பலாம். சாய்ந்த டயர் ஓரத்தால் மட்டுமே தரையைத் தொடும். திரும்பிய டயர் தன்னையே தேய்த்துக்கொள்ளும். புறப்படும் வேளையில் சக்கரம் நேராக நிற்குமாறு தண்டுகளின் நீளத்தையும் சாய்வையும் அமைப்பதே இங்குள்ள கலை.

இக்கலையை நம் நகரிலேயே மாணவர்கள் பயில்கின்றனர். ஆர்.வி. பொறியியற் கல்லூரியின் 'அஷ்வா ரேசிங்' குழுவினர் தாமே வரைந்து, தாமே பற்றவைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கி வருகின்றனர். இவ்வகை மாணவர் போட்டிகளில் 75 மீட்டர் நேர்கோட்டு ஓட்டம் ஒரு தேர்வு. சில நொடிகளில் முடியும் அவ்வோட்டத்தில் புறப்படும் கணமே வெற்றி தோல்வியை முடிவு செய்வதால், நாம் மேலே கண்ட கோடுகள் அவர்களுக்கு ஏட்டுக் கணக்காக நின்றுவிடுவதில்லை. 'பார்முலா பாரத்' என்னும் மாணவர் போட்டி நடைபெற்று வந்த இடம் கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் தளம். அத்தளம் தாங்கும் பெயருக்குரிய எஸ். கரிவரதன், மாருதி 800 இஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை அமைத்து, நம் நாட்டு இளைஞர் பலர்க்குப் பந்தயத்தின் வாயிலைத் திறந்துவிட்டவர். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தது பெரும் இழப்பு. அவர் பிறந்த கொங்கு மண்ணிலிருந்தே நாராயண் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார் என்பதும் நினைக்கத்தக்கது.

செய்முறையும் சட்டமும்

இத்துறையில் இறங்க விரும்பும் இளைஞர்க்குச் சில சொற்கள். முதலில் டயரைப் பாருங்கள். தேய்ந்த டயருக்கு எந்த வடிவக் கணக்கும் துணை செய்யாது. அடுத்து ரப்பர் புஷ்களைப் பாருங்கள். நைந்த புஷ் இருந்தால் தாளில் வரைந்த கோடு ஒன்றாகவும் காரில் உள்ள கோடு வேறாகவும் இருக்கும். பிறகு ஷாக் அப்சார்பர்கள். இவை மூன்றும் நன்றாக இருந்த பின்னரே அளவெடுக்கத் தொடங்குக. சமதளத்தில் காரை நிறுத்தி, ஓட்டுபவரையும் உள்ளே அமர்த்தி, கொத்தனார் கையாளும் தூக்குக்குண்டால் ஒவ்வொரு முனையையும் தரையில் குறித்து, உயரங்களை நாடாவால் அளந்து, தாளில் வரைக. ஒரு வேளைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்க; செய்ததையும் அதன் விளைவையும் குறிப்பேட்டில் எழுதுக. இரண்டு மாற்றங்களை ஒருசேரச் செய்தவர், எது பயன் தந்தது என்பதை என்றுமே அறியார்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட உற்பத்தியாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. பந்தயத் தளத்துக்கென்று தனியே வைத்துள்ள காருக்கு உரிய வேலையைப் பொதுச் சாலையில் ஓடும் காரில் செய்தல் கூடாது. பின்னச்சின் தாங்கியில் ஒரு பற்றவைப்பு விட்டுப்போனால், அதனால் வீழ்பவர் ஓட்டுபவர் மட்டுமல்லர். சாலையோரம் நடந்து செல்லும் எவரும் ஆகலாம்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். மகனோ மகளோ காரின் அடியில் எண்ணெய்க் கறையோடு படுத்திருப்பதை வீண் வேலை என்று இகழ வேண்டா. அங்கே நியூட்டனின் விதியும், யூக்ளிடின் கோடும், கருமானின் கைத்திறனும் ஒன்றாகக் கூடுகின்றன. 'இஞ்சினை எவ்வளவு பெரிதாக்கினாய்?' என்று கேட்பதை விடுத்து, 'அந்த ஆற்றல் தரையைச் சேர்கிறதா? அளந்து பார்த்தாயா?' என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடும் பிள்ளை வீணாகச் செலவழிக்கவும் மாட்டான். கண்மூடி ஓட்டவும் மாட்டான். பட்டறையில் பழகிய கையும் கல்லூரியில் பயின்ற கணக்கும் நம் குடும்பங்களில் பலவிடத்தும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. அண்ணன் பற்றவைப்பவனாகவும் தங்கை கணக்கிடுபவளாகவும் இருக்கும் வீடுகளை நாம் அறிவோம். அவ்விரண்டும் ஒரு மேசையில் அமர்ந்து ஒரு தாளில் கோடு வரையத் தொடங்கினால், டால்பினைப் போல் இன்னொரு கார் நம் பெங்களூரில் பிறப்பது அரிதன்று.